தலைக்குடமும் இடுப்புக்குடமும்

எங்கள் ஊரில் கோழி கூவுவதற்கு முன்னால் குடங்கள் பேச ஆரம்பித்துவிடும். கருக்கலில், நாய்கள்கூடச் சுருண்டு கிடக்கிற நேரத்தில், வெறுங்குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தெருவில் போகிற சத்தம் கேட்கும். பாயில் கிடந்தபடி, கண்ணைத் திறக்காமலே, அது யாருடைய குடம் என்று நான் சொல்லிவிடுவேன். செப்புக்குடம் என்றால் கீழவீட்டுப் பெரியாத்தா. அந்தச் சத்தம் கனமாக எழுந்து, இடித்த பிறகும் கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டுப் போகும். பித்தளை என்றால் எங்கள் அத்தை. எவர்சில்வர் என்றால் புதிதாகக் கல்யாணமாகி வந்த மதினிமார். சீர்வரிசையில் வந்த குடத்தை, பெயர் வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி ஒக்கலில் வைத்துக்கொண்டு போவார்கள். பிளாஸ்டிக் குடம் அப்போதுதான் சிவப்பும் பச்சையுமாகச் சந்தைக்கு வரத் தொடங்கியிருந்தது. அதற்குச் சத்தம் கிடையாது, ஆகவே அதைத் தூக்கிப் போகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியாது. அப்பத்தாவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. வெயிலில் வைத்தால் தண்ணீரில் வாடை ஏறும் என்பாள்.

கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் அந்த ஊரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அரசாங்க உத்தியோகஸ்தர்களை மிரட்டுவதற்கு, ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று ஒரு பேச்சு உண்டே, அந்தக் காடு எங்கள் காடுதான். மழையே பெய்யாத சீமை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியும் சொல்ல முடியாது, வருசத்துக்கு 800 மில்லிமீட்டருக்குப் பக்கமாகப் பெய்யத்தான் செய்கிறது. அதில் பெரும்பகுதியை ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். நிலத்தைத் தோண்டினால் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடித்தால் தாகம்தான் கூடும். வானத்திலிருந்து விழுகிற நல்ல தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைத்தால்தான் மாசி பங்குனியில் நாக்கு நனையும். அதற்காகத்தான் எங்கள் முன்னோர்கள் ஊருக்கு ஊர் கண்மாயும் ஊரணியும் வெட்டிப் போட்டார்கள். கண்மாய் வயலுக்கு, ஊரணி வாய்க்கு.

குடிதண்ணீர் ஊரணியைச் சுற்றி முள் வேலி போட்டிருக்கும். ஒரு திட்டிவாசல், அதற்குள் கல் படிகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆடு மாடு இறங்கக் கூடாது, துணி அலசக் கூடாது, காலைக்கூடக் கரையிலேயே துடைத்துக்கொண்டுதான் படியில் இறங்குவார்கள். காவலுக்கு ஒரு தாத்தா இருப்பார், கையில் பனைமட்டைக் கம்பு. பிள்ளைகள் நாங்கள் ஒரு கல்லைத் தண்ணீரில் விட்டெறிந்தால் போதும், ஊரே கேட்கும்படி ஏசுவார். விடியற்காலையில் அந்தப் படிகளில் ஒரு மணம் இருக்கும்: பாசி, ஈரக் களிமண், மதினிமாரின் முந்தின நாள் மல்லிகைப்பூ, வேலிக்கு வெளியே பூத்த கருவேலம்பூ, எல்லாம் கலந்தது. இன்றைக்கும் எங்காவது குளத்தங்கரையில் அந்த மணத்தில் பாதி வந்தால்கூட நான் நின்றுவிடுவேன். ஆனால் அதே கரையின் மேற்குப் பக்கத்தில், படியில் இறங்க விடப்படாமல், மண்குடங்களை வைத்துக்கொண்டு, யாராவது மொண்டு ஊற்றுவார்கள் என்று காத்து நின்ற பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெகுநேரம் நிற்பார்கள். அவர்கள் குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த வயதில் அது ஏன் என்று கேட்கத் தெரியவில்லை. மழை எல்லார் தலையிலும்தானே பெய்தது என்ற கேள்வி பின்னால் வந்து, இன்னும் என்னை விட்டுப் போகாமல் இருக்கிறது.

ஊரணித் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்காது. சுக்குமல்லிக் காப்பியில் பால் கூடிப்போன ஒரு நிறம். அதைக் குடிதண்ணீர் ஆக்குவது அப்பத்தாவின் வேலை. மண்பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை ஈரத்தோடு வைத்துத் தேய்ப்பாள். சொரசொரவென்று அந்தச் சத்தம் மத்தியான உறக்கத்துக்குள் வந்து கலக்கும். பிறகு தாத்தாவின் பழைய வேட்டியை நாலாக மடித்துப் பானை வாயில் கட்டி, தண்ணீரை மெல்ல ஊற்றுவாள். சாயங்காலத்துக்குள் மண்ணெல்லாம் அடியில் இறங்கி, மேலே ஒரு முழத்துக்குக் கண்ணாடித் தண்ணீர் நிற்கும். துணியில் வடிகட்டாமல் ஒரு வாய் குடிக்க விடமாட்டாள். அவளுடைய வலது கணுக்காலில் சுருங்கிப்போன ஒரு தழும்பு இருந்தது. நரம்புச் சிலந்தி வந்து, புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுத்து எடுத்த இடம் அது. தண்ணீரில் இருக்கிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சி வழியாக வருகிற அந்த நோய், துணி வடிகட்டிக்கே அடங்கிவிடும். இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டுவிட்டதாக 2000 ஆம் ஆண்டு சான்றிதழ் வந்தது என்று பத்திரிகையில் படித்தபோது, அந்த வேட்டித் துணியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அத்தையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். அத்தை, அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்து வராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். வீட்டுக்குத் தண்ணீர் அவள் பொறுப்பு. பழைய நூல்சேலைத் துண்டு ஒன்றை முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, நுனியை உள்ளே சொருகி ஒரு சும்மாடு செய்வாள். அது எண்ணெயும் வேர்வையும் ஊறி, அவள் தலைக்கென்றே ஒரு பள்ளம் விழுந்து, ஆணியில் தொங்கும். வேறு யாரும் அதை எடுக்க மாட்டார்கள். ஊரணிப் படியில் குடத்தை முக்கி நிறைத்து, முதலில் தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து ஒரே வீச்சில் தலைக்குக் கொண்டுபோவாள். அந்த வீச்சில் முழங்கால் ஒரு தரம் மடங்கி எழும். அடுத்த குடத்தைப் பக்கத்தில் நிற்கிற யாராவது தூக்கி ஒக்கலில் வைத்துவிடுவார்கள். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் வைத்துக்கொண்டால், முப்பது கிலோ அவள் உடம்பின் மேல் உட்கார்ந்துவிடும். தலைக்குடத்தின் வாயில் ஒரு வேப்பங்கொத்தைப் போடுவாள். தண்ணீர் அலம்பி மேலே வராமல் அந்த இலைகள் பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

பிறகு நடப்பாள். அந்த நடையைத்தான் நான் எப்படிச் சொல்வது? இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓடும், கழுத்துக்கு மேலே ஒன்றும் அசையாது. பாதம் முழுசாக மண்ணில் ஊன்றாது, விரல்கள் முதலில் தரையைத் தொட்டுப் பார்த்து, அது சம்மதித்த பிறகுதான் குதிகால் இறங்கும். ஒரு கை ஒக்கல் குடத்தைச் சுற்றியிருக்க, இன்னொரு கை வெறுமனே வீசிக்கொண்டு வரும். தலைக்குடத்தை அவள் தொடவே மாட்டாள். பக்கத்தில் வருகிறவளோடு பேசுவாள், சண்டை போடுவாள், எதிரே வருகிற ஆளுக்குத் தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பிப் பதில் சொல்வாள். பின்னால் ஒரு சின்னத் தோண்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் வருவேன். தோண்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவள் காலடி பதிந்த இடத்திலேயே என் காலை வைத்து வைத்து நடந்தால் எனக்கும் அந்தக் கழுத்து வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. வீடு வந்து சேரும்போது என் சட்டை முழுக்க நனைந்திருக்கும். அம்மா ஏசுவாள். அத்தை தோண்டியில் மிச்சமிருந்ததைப் பெரிய மரியாதையோடு வாங்கி அண்டாவில் ஊற்றுவாள், அதில் ஒரு செம்பு தேறினாலும்.

ரொம்ப காலத்துக்குப் பிறகு ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். கென்யாவின் லூவோ, கிகுயு இனப் பெண்கள் சுமை தூக்கி நடப்பதை அளந்து பார்த்து, 1986 இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருந்தார்கள். தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் அந்தப் பெண்கள் கூடுதல் சக்தி செலவழிக்காமலே சுமந்தார்களாம். நடக்கும்போது உடம்பு ஊசலாடுகிறதல்லவா, அந்த ஊசலை அவர்கள் மற்றவர்களைவிடச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பின்னால் விளக்கம் கண்டார்கள். படித்தபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அத்தையின் கால்விரல்களுக்கு விஞ்ஞானம் எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டது. ஆனால் அவள் சுமந்தது ஐந்தில் ஒரு பங்கு கிடையாது, அதைப்போல மூன்று மடங்கு. ராத்திரியில் பிடரியில் நல்லெண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி என் முன்னால் குனிந்து உட்காருவாளே, அந்தச் செலவை எந்தக் கருவியும் அளக்கவில்லை.

கோடையில் ஊரணி வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். அப்புறம் குண்டாற்று மணலில் ஊத்துத் தோண்டுவார்கள். இடுப்பளவு குழி, அதற்குள் ஒரு பெண் இறங்கி உட்கார்ந்திருப்பாள். சுற்றிலுமிருந்து தண்ணீர் கசிந்து, உள்ளங்கை அளவு சேர்ந்ததும் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு கதை சொல்லி முடிக்கலாம். உண்மையிலேயே கதை சொன்னார்கள். வரிசையில் ஆட்கள் நிற்க மாட்டார்கள், குடங்கள் நிற்கும். ஆட்கள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கு. குளிர்ந்த மணல், மண்ணெண்ணெய்ப் புகை, யாரோ மடியிலிருந்து எடுத்துப் பகிர்ந்த கருப்பட்டி. ராத்திரி முதிர முதிரத் தூக்கம் வரும். தூங்கினால் முறை போய்விடும். அதற்காக எழுந்து கும்மி அடிப்பார்கள். எந்தச் சாமிக்காகவும் இல்லை, கண்ணயராமல் இருப்பதற்காக. முதலில் இரண்டு பேர், அப்புறம் நாலு பேர், பிறகு குடவரிசையைச் சுற்றி ஒரு வட்டம். மணலில் கால் சத்தம் கேட்காது, கைத்தட்டு மட்டும் ஆற்றின் இரண்டு கரையிலும் மோதித் திரும்பி வரும். குழிக்குள் இருக்கிறவளும் சிரட்டையால் குடத்து விளிம்பில் தாளம் போடுவாள். கும்மி எங்கே எதற்காகப் பிறந்தது என்று புத்தகங்களில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. நான் பார்த்த கும்மி தண்ணீருக்குக் காத்திருந்த ராத்திரியில் பிறந்தது.

மழை ரொம்பவும் ஏமாற்றிய வருசத்தில் பெண்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மழைச்சோறு கேட்பார்கள். வசதியான வீட்டுக்காரியும் கேட்பாள், இல்லாதவளும் கேட்பாள். உப்பில்லாத அந்தச் சோற்றை ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து பொதுவில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஊரை விட்டே போகப் போகிறோம் என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். எனக்கு அது பயமாக இருக்கும், நிசமாகவே போய்விடுவோமோ என்று. மழை பெய்த வருசம் என்றால் முளைப்பாரி செழிக்கும். இருட்டறையில் ஓட்டுக்குள் வைக்கோலும் சாணத்தூளும் பரப்பி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, விரதம் இருக்கிற பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். ஊருக்கே குடிக்கத் தண்ணீர் அளந்து கொடுக்கிற நாளிலும் அந்த முளைக்கு ஒரு செம்பு ஒதுக்கிவிடுவார்கள், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். கடைசி நாளில் வெளுத்த மஞ்சளும் பச்சையுமாக முழ உயரத்துக்கு எழுந்து நிற்கும் முளைகளைத் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்குப் போகிற ஊர்வலத்தில், நான் முகங்களைப் பார்க்க மாட்டேன், கால்களைத்தான் பார்ப்பேன். எல்லாம் ஊரணிப் பாதையில் நான் பார்த்த அதே கால்கள். ஆனால் அன்றைக்கு மஞ்சள் பூசியிருக்கும், கொலுசு போட்டிருக்கும், அவசரம் இருக்காது.

கரகாட்டம் வந்தது அப்படி ஒரு கோயில் பொங்கலுக்குத்தான். மதுரைப் பக்கத்திலிருந்து செட்டு வந்து பள்ளிக்கூடத்து வராந்தாவில் இறங்கியிருக்கிறது என்று மத்தியானமே செய்தி பரவிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் ஓர் அக்கா வந்து நின்றாள். சாதாரண வாயில் சேலை, எண்ணெய் வழிகிற முகம், கக்கத்தில் ஒரு துணி மூட்டை. “ஆத்தா, குடிக்க ஒரு வாய் தண்ணி குடுங்க” என்றாள் அப்பத்தாவிடம். அப்பத்தா தேத்தாங்கொட்டைப் பானையிலிருந்து மொண்டு, எங்கள் செம்பிலேயே கொடுத்தாள். அந்தச் செம்பைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் கை ஒரு கணம் நின்றதையும், பிறகு கொடுத்ததையும் நான் பார்த்தேன். அப்பத்தாவை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்தது. அந்த அக்கா அண்ணாந்து குடித்துவிட்டு, ஊர்க்கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறதே, இது இனிக்கிறதே என்றாள். அத்தை அப்போதுதான் இரண்டு குடத்தோடு வாசலில் ஏறினாள். அந்த அக்கா எழுந்து ஒக்கல் குடத்தை வாங்கி இறக்கினாள். இறக்கியவள், அத்தையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எம்புட்டுத் தொலவுக்கா?”

“அந்தா, ஊத்துக்கு. ரெண்டு கல்லு இருக்கும்.”

“நல்லா நிக்குது ஒங்களுக்கு” என்றாள் அவள். கழுத்தைச் சொல்கிறாள் என்று எனக்கே புரிந்தது. அத்தை வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். ஆட்டக் கரகத்துக்குள் தண்ணீர் வைப்பதில்லை, அரிசியோ மணலோ போட்டுக் கனம் கட்டுவார்கள், மேலே பூங்கூம்பு, உச்சியில் கிளி என்று அவள் விளக்கினாள். ஆனால் ஆத்தாக்காரி தனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தண்ணீர்க் குடத்தை வைத்துத்தான் பழக்கினாள், தண்ணீர் ஆடுகிற திசைக்கு எதிராகக் கழுத்து தானாகவே போகக் கற்றுக்கொள்ளும், அது வந்துவிட்டால் அப்புறம் எதை வைத்தாலும் விழாது என்றாள். அத்தை, வேப்பங்கொத்து போடலாமே என்று கேட்டாள். அந்த அக்கா சிரித்து, “கொத்துப் போட்டா கழுத்து சோம்பேறியாயிரும்க்கா” என்றாள். தங்கள் தொழிலைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்கிற பேச்சு அது; நடுவில் புகுந்து ஒன்றும் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றி, தூணைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சரிகைப் பாவாடை, முகத்தில் அரிதாரம், நெற்றிச்சுட்டி, தலையில் கிளி சுற்றுகிற கரகம். நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் தமுக்கும் சேர்ந்து நையாண்டி மேளம் அடிக்க, புழுதியில் அவள் சுழன்றாள். தட்டின் விளிம்பில் ஏறி நின்றாள். பின்னால் வளைந்து வளைந்து தரையில் கிடந்த ஊசியைக் கண்ணிமையால் எடுத்தாள். ஆண்கள் பக்கத்தில் சீட்டி பறந்தது, ரூபாய்த்தாளைக் குத்த ஆள் எழுந்தது. எனக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை, அவள் முகம் ஒரு கணம் இறுகியதையும் கண்டேன். பெண்கள் பக்கத்தில் வேறு மாதிரியான அமைதி. கிளியையும் பார்க்கவில்லை, பாவாடையையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அவள் கழுத்தில் இருந்தது. அவள் கீழே உட்கார்ந்து எழும்போது, என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். பெரியாத்தாவின் தலை ஒரு நூல் அளவு இடது பக்கம் சாய்ந்து நேரானது, கரகத்தை அவளே சுமக்கிற மாதிரி. அந்தக் கலையைப் பற்றிப் பின்னாளில் எத்தனையோ பேர் மேடையில் பேசக் கேட்டுவிட்டேன். அதைப் பார்க்கத் தெரிந்த கூட்டம் அன்றைக்கு அந்தப் பாய்களில் உட்கார்ந்திருந்ததுதான் என்று அடித்துச் சொல்வேன்.

சாமிக்கு எடுக்கிற சக்தி கரகம் வேறு. அதில் நிசத் தண்ணீர்தான், ஊரணியில் மொண்டு, வேப்பிலையும் பூவும் சுற்றிப் பூசாரி சுமந்து வருவார். ஊரில் வருசம் முழுக்கப் பெண்கள் தூக்கும் அதே தண்ணீர், அன்றைக்கு மட்டும் ஓர் ஆணின் தலையில் ஏறி, தெருவெல்லாம் விழுந்து கும்பிட வைத்தது. குடத்தோடு ஆடுவது நேற்று வந்ததும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் குடக்கூத்தும் ஒன்று, மாயவன் ஆடியதாகச் சொல்லப்படுவது. கல்லூரியில் அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு நான் பாடத்தைக் கவனித்தேனா, எங்கள் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேனா என்று கேட்டால் இரண்டாவதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு காலண்டர் தொங்கியது. சிவகாசியில் அச்சானது. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் அப்போது வீட்டுக்கு வீடு. அந்த வருசத்துக் காலண்டரில் மட்டும் யார் வரைந்ததோ, சாமிக்குப் பதிலாக ஒரு கிராமத்துப் பெண். ரோஜா நிறக் கன்னம், மடிப்புக் கலையாத தாவணி, ஒக்கலில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம், பின்னால் தென்னையும் நீல ஆறும். எனக்கு அவள்மேல் அப்படியொரு ஆசை. அடுக்களைச் சுவரில் கரிமூட்டத்துக் கரித்துண்டால் அவளைப் பார்த்து ஒரு பெண்ணை வரைந்தேன். என் உயரத்துக்குக் குடமும் அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பெண்ணுமாக வந்தது. அத்தை வந்து, கரி படிந்த என் விரலைத் துடைத்துவிட்டு, காலண்டரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஏந்தாயி, இவ சும்மாடு எங்க?”

நான் காலண்டரைப் பார்த்தேன். ஆமாம், இல்லை. வழவழவென்ற கூந்தலின் மேல் குடம் நேராக உட்கார்ந்திருந்தது. “ஆறு பின்னாலயே ஓடுது, அங்கிட்டு இருந்துக்கிட்டு எதுக்கு ரெண்டு கொடம் எடுக்கா?” என்று அடுத்த கேள்வி. பிறகு என் கரியை வாங்கி, நான் வரைந்த பெண்ணின் தலைக்கும் குடத்துக்கும் நடுவில் அழுத்தமாக ஒரு வளையம் போட்டாள். பாதங்களைக் கையால் அழித்துவிட்டு, விரல் மட்டும் தரையில் படுகிற மாதிரி இரண்டு கோடு இழுத்தாள். என் படம் அதோடு நடக்க ஆரம்பித்துவிட்டது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வரைந்து நான் பார்த்தது அந்த மூன்று கோடுகள்தான். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை விட்டுவிடச் சொல்லி அழுது ஆர்ப்பாட்டம் செய்து, ஒரு வருசம் காப்பாற்றினேன்.

கோமல் சுவாமிநாதன் 1980 இல் மேடையேற்றிய ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை அடுத்த வருசம் பாலசந்தர் படமாக எடுத்தார். அது எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வருவதற்குள் சுருள் தேய்ந்து மழையாகக் கொட்டியது. அந்த மழையாவது பெய்ததே என்று யாரோ சொல்ல, கொட்டகை சிரித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அத்திப்பட்டி என்று திரையில் ஓடிய ஊர் எங்கள் ஊர். சரிதா குடத்தோடு வந்தபோது, அத்தை எனக்கு மட்டும் கேட்கும்படி, “இந்தப் புள்ளைக்குச் சொமந்து பழக்கம் இருக்கு” என்றாள். அவள் தந்த பெரிய விருது அது.

பின்னாளில் பஞ்சாயத்துக் கட்டடத்தில் டி.வி. வந்தது. டெல்லி நிகழ்ச்சி ஒன்றில் ராஜஸ்தான் பெண்கள் ஆடினார்கள். பவாய் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. சிவப்பும் மஞ்சளுமான அகலப் பாவாடை, முகத்தை மறைக்கிற முக்காடு, தலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு குடங்கள். அந்த அடுக்கோடு தட்டின் விளிம்பில் ஏறினார்கள், கண்ணாடிச் சில்லுகளின் மேல் கால் வைத்தார்கள். பாட்டு புரியவில்லை. கூட்டமே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குடத்துக்கே எங்கள் ஊரில் விருது கொடுப்பார்களே என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில், பக்கத்தில் அத்தை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

“பாவம். அவுக ஊர்ல தண்ணி நம்மளவிடத் தொலவு போல.”

ஆட்டத்தைப் பார்த்துத் தூரத்தை அளந்தாள் அவள். தார்ப் பாலைவனத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அங்கேயும் பெண்கள் தண்ணீருக்கு நடந்து நடந்து, அந்த நடைக்கென்றே பணிஹாரி என்று பாட்டுகள் உண்டாகியிருப்பதும் அவளுக்குத் தெரியாது. ஒரு தரம் போய் வருவதில் எத்தனை குடம் கொண்டுவந்தால் கட்டுப்படியாகும் என்ற கணக்கு தெரியும், அது போதுமாயிருந்தது. நடனத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இதைவிடச் சரியான விமரிசனம் இன்றுவரை எனக்குத் தட்டுப்படவில்லை.

இப்போது அங்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் போகிறது. வருகிற நாளில் வரும், வராத நாளில் நாலு சக்கரத் தள்ளுவண்டியில், குடம் உட்காரக் குழி வைத்த பலகைகளில், அரை டசன் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். அந்த வண்டியை நான் மனசார வாழ்த்துகிறேன். தலைக்குடம் மறைந்தால் ஒரு அழகு மறைகிறதே என்று யாராவது என்னிடம் வருத்தப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது. என் விரல்களுக்கு இன்னும் அத்தையின் பிடரி முடிச்சுகள் நினைவிருக்கின்றன.

அத்தைக்கு வயதாகிவிட்டது. கழுத்தைத் திருப்ப முடியாது; ஆனால் திருப்பி என்ன ஆகப்போகிறது, முன்னாலேயும் திருப்பினதில்லையே என்பாள். போன தடவை நான் போயிருந்தபோது சித்தப்பாவின் பேத்தி, கல்லூரி ஆண்டு விழாவில் கரகம் ஆடுவதற்காக முற்றத்தில் பழகிக்கொண்டிருந்தாள். செல்போனில் மேளம் ஓடியது. தலையில் வாடகைக்கு எடுத்த பூக்கரகம், அடிக்கொரு தரம் சாய்ந்தது, அவள் கையால் பிடித்தாள். அத்தை கட்டிலில் இருந்தபடி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பொம்மையை இறக்கச் சொல்லிவிட்டு, பரணிலிருந்து தன் பித்தளைக் குடத்தை எடுத்து வரச் சொன்னாள். சும்மாட்டைத் தானே முறுக்கினாள். “தண்ணி ஊத்து. அரைக் கொடம் ஊத்து, அதுதான் ஆடும், அப்பத்தான் படிவ.” பிள்ளை தயங்கித் தயங்கிக் குடத்தை ஏற்றிக்கொண்டு நாலு அடி வைத்தாள். தண்ணீர் அலம்பி முகத்தில், தோளில், முதுகில் வழிந்தது. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், குடம் இன்னும் கொட்டியது.

அத்தைக்கு வந்ததே கோபம். “அடியே, நடுவாசல்ல நின்னு கொட்டாத! அங்கிட்டு முருங்கைக்குப் பக்கத்துல போயி ஆடு!”